உடைப்பதற்கென்று வாங்கிய வண்டி

2004-இல் கடலூரில் பதினோரு பேர் சேர்ந்து ஒரு மோட்டார் சைக்கிள் பந்தய சங்கம் ஆரம்பித்தோம். பதினோரு பேரில் பந்தயம் ஓட்டத் தெரிந்தவன் ஒருவன். வண்டியைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர் ஒருவர். மற்ற ஒன்பது பேரும் கருத்துச் சொல்லத் தெரிந்தவர்கள். அந்த ஒன்பது பேரில் கையெழுத்து படிக்கிற மாதிரி இருந்த ஒரே காரணத்தால் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். என் தொழில் ஆயுள் காப்பீடு விற்பது. காலையில் வீடு வீடாகப் போய் மனித உயிர் எவ்வளவு நிச்சயமில்லாதது என்று உருக்கமாக விளக்கிவிட்டு, சாயங்காலம் ஒரு மனிதனை நூற்றிருபது கிலோமீட்டர் வேகத்தில் வளைவில் திருப்புவது எப்படி என்று திட்டம் போடுவேன். இரண்டிலும் எனக்கு மனப்பூர்வமான நம்பிக்கை இருந்தது.

ஓட்டுபவன் என் மனைவியின் தம்பி. நெல்லிக்குப்பத்தில் கரும்பு டிராக்டர்களுக்கு உதிரிபாகம் விற்கிற கடையில் கவுண்டரில் நிற்கிறவன். ஒரு போல்ட் கேட்டால் அவன் அதை எடுத்து வருவதற்குள் வந்தவர் எதிர்க் கடையில் டீ குடித்துவிட்டு, சில்லறையும் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். ஹெல்மெட்டை மாட்டினால் அதே ஆள் வேறு பிறவி. மெக்கானிக் சிதம்பரத்துக்காரர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. ரெண்டு ஸ்ட்ரோக் இன்ஜின் ஒன்றுதான் இன்ஜின், மற்றதெல்லாம் தண்ணீர் பம்ப் என்பது அவர் கொள்கை. என் வேலை, கழுத்தில் ஸ்டாப் வாட்சைத் தொங்கவிட்டுக்கொண்டு நேரம் குறிப்பது.

முதல் வருஷம் சென்னைக்கு வெளியே உள்ள தடத்தில் பந்தயத்துக்குக் கட்டிய நுழைவுக் கட்டணம், திரும்பும் வழியில் திண்டிவனத்தில் பதினோரு பேரும் பரோட்டா தின்ற பில்லைவிடக் குறைவு. பிறகு வருஷத்துக்கு ஒரு புது விதி வந்தது. ஒவ்வொரு விதியும் கையில் ஒரு பில்லோடு வந்தது. ஓட்டுபவனுக்குத் தனி லைசென்ஸ் என்றார்கள். அதற்கு டாக்டர் சான்றிதழ் என்றார்கள். முதுநகர் தையல்காரர் ஒருவர் இரண்டு பழைய தோல் கோட்டுகளைச் சேர்த்துத் தைத்துக் கொடுத்த உடையில்தான் மச்சான் மூன்று வருஷம் ஓட்டினான். அதன் மேல்பாதி என் கல்யாணத்துக்கு வந்த கோட்டு. அது செல்லாது, ஒரே துண்டாகத் தைத்த தோல் உடைதான் வேண்டும் என்றார்கள். அந்த விலைக்கு ஒரு கறவை மாடே வாங்கலாம். தோல் அதோடு சேர்ந்தே வரும். மெத்தென்ற பந்தய டயர் இரண்டு பந்தயத்துக்கு மேல் தாங்காது. கடைசியாக, தீப்பெட்டி அளவில் ஒரு கருவி வந்தது. வண்டியில் கட்டிவிட்டால் அதுவே நேரம் குறித்துவிடும். வாடகை நம்முடையது. என் வேலையைப் பிடுங்குவதற்கு நானே வரிசையில் நின்று பணம் கட்டி, ரசீதும் வாங்கிக்கொண்டேன்.

கட்டணம் ஏற ஏற உறுப்பினர்கள் இறங்கினார்கள். ஒருவர் மகள் கல்யாணம் என்றார். ஒருவர் மனை வாங்கினார். ஒருவருக்குத் திட்டக்குடிக்கு மாற்றல். ஸ்ரீமுஷ்ணத்து உறுப்பினர் காரணம் எதுவும் சொல்லவில்லை. போனை எடுப்பதை மட்டும் நிறுத்திக்கொண்டார். 2010-இல் மிச்சம் மூன்று பேர்: செயலாளர், ஓட்டுபவன், மெக்கானிக்.

"ஒரு வண்டி, மூணு ஆளு, ஆறு ரசீது புக்கு. இதுக்குப் பேரு சங்கமா?" என்று என் மனைவி கேட்டாள். ரசீது புத்தகங்களை மொத்தமாக அச்சடித்தால் மலிவு என்று நான் விளக்கினேன். அவள் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. அதுதான் அவளிடம் பயப்பட வேண்டிய விஷயம்.

அந்த வருஷம் சித்திரையில் அறிவிப்பு வந்தது. ரெண்டு ஸ்ட்ரோக் வண்டிகளுக்கான பிரிவு அதோடு முடிகிறது. அடுத்த வருஷத்திலிருந்து புதுப் பிரிவு. வண்டியை அவர்களே வாடகைக்குத் தருவார்கள். அந்த வாடகையை மச்சானின் மாதச் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒப்பிட்டிருக்க வேண்டாம். ஆக, ஆவணியில் வரும் பந்தயம்தான் அவனுக்குக் கடைசி. ஆறு வருஷத்தில் அவன் மூன்று தடவை நாலாவதாக வந்திருக்கிறான், ஒரு தடவை மூன்றாவது. கோப்பையைப் பற்றி அவன் பேசியதே இல்லை.

"ஒரே ஒரு தடவ முன்னாடி எவனும் இல்லாம ஓட்டணும் மாமா," என்றான். "ஆறு வருஷமா எவனாவது ஒருத்தன் முதுகப் பாத்துக்கினே ஓட்டறேன். டிராக் எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது."

அறிவிப்பு வந்த அடுத்த மாதமே எங்கள் வண்டியின் இன்ஜின் கூடு விரிசல் விட்டது. புதுக் கூடு வருவது நின்று எத்தனையோ வருஷம். கிடைத்தாலும் அதை வாங்க ஒரு ரசீதுப் புத்தகம் போதாது. மெக்கானிக்தான் முதுநகரில் காயலான் கடை வைத்திருக்கும் பாயிடம் எங்களைக் கூட்டிப் போனார்.

கடையின் பின்பக்கம், கோணிச் சாக்கு போர்த்தி ஒரு வண்டி நின்றது. நூறு சிசி, ரெண்டு ஸ்ட்ரோக். முன்சக்கரமும் ஃபோர்க்கும் பின்னால் மடங்கிக் கிடந்தன. மற்றதெல்லாம் முழுசு. மெக்கானிக் குனிந்து சைலன்சரைப் பார்த்தார். கம்பெனி சைலன்சர் இல்லை. தகட்டை வளைத்து, வயிறு பருக்க, வால் சிறுக்க, கையால் வெல்டிங் வைத்துச் செய்தது. சிலிண்டர் தலையைக் கழற்றி உள்ளே விரலை விட்டுத் தடவினார். துவாரங்களை யாரோ ராவி அகலப்படுத்தியிருந்தார்கள். நாங்கள் செய்தால் பதினைந்து நாள் ஆகிற வேலை.

"இவன் நம்ம ஆளு சார்," என்றார் மெக்கானிக். "நமக்குத் தெரியாமலே போயிட்டான் பாருங்க."

"போயிட்டான்தான்," என்றார் பாய். "அது ஆள் போன வண்டி. உடைக்கறதுக்குன்னு குடுத்தது. ஒன்னரை வருஷமா எனக்குத்தான் மனசு வரல. முழுசா தர முடியாது."

எங்கள் பக்கத்தில் அது ஒரு வழக்கம். விபத்தில் ஆள் போய்விட்டால், ஸ்டேஷனில் நிற்கிற வண்டியை வீட்டார் வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. ஸ்டேஷனிலிருந்து நேரே காயலான் கடை. விலை பேச மாட்டார்கள், கடைக்காரர் கொடுத்ததுதான். ஒரே நிபந்தனை, உடைத்துவிட வேண்டும். அந்த வண்டி மறுபடி ரோட்டில் ஓடக் கூடாது. கடைக்காரர் வாக்குக் கொடுத்தால் பேச்சு முடிந்தது. எழுத்து, கையெழுத்து, சாட்சி எதுவும் கிடையாது.

இங்கேதான் நான் வாயைத் திறந்தேன். பாலிசிப் பத்திரத்தின் பொடி எழுத்தில் இருபது வருஷம் குடித்தனம் நடத்தியவன் நான். "பாய், வாக்கு என்னா? ரோட்டுல ஓடக் கூடாது. நாங்க ரோட்டுல ஓட்டப் போறதில்ல. ரேஸ் டிராக்ல ஓட்டப் போறோம். ரிஜிஸ்டிரேஷன் இல்ல, நம்பர் பிளேட் இல்ல. டிராக்கு ரோடு கணக்குல வராது."

பாய் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நீங்க படிச்சவுரு. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார். அதை அவர் கிண்டலாகச் சொல்லியிருந்தால் எனக்கு இத்தனை வருஷம் நினைவிருந்திருக்காது.

பழைய வண்டியின் முன்பக்கத்தை இதில் மாட்டினார் மெக்கானிக். முதல் உதையிலேயே இன்ஜின் பிடித்தது. ஒன்றரை வருஷம் சாக்குக்கு அடியில் நின்ற இன்ஜின் அப்படிப் பிடிக்காது. அதன் சத்தமும் தனி மாதிரி இருந்தது. மற்ற ரெண்டு ஸ்ட்ரோக்குகள் கத்தும். இது அடித்தொண்டையில் யாரையோ கூப்பிடுகிற மாதிரி ஆரம்பித்து மேலே ஏறும்.

அடுத்தது பயிற்சி. அதற்கு அரை நாள் தடத்தை வாடகைக்கு எடுக்கலாம். அந்த வருஷம் அதன் கட்டணத்தைக் கேட்டுவிட்டு மூன்று பேரும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் பார்த்தோம். பிறகு மெக்கானிக், கிள்ளைப் பக்கம் சுனாமிக்கு அப்புறம் போட்ட ஒரு ரோடு இருக்கிறது என்றார். இரண்டு கிலோமீட்டர் நேர்கோடு. ஞாயிற்றுக்கிழமை உச்சி வேளையில் போனால் ஈ காக்கை இருக்காது. உச்சி வேளையில் அங்கே ஏன் ஆள் நடமாட்டம் இல்லை என்பதற்கு அவர் ஒரு காரணம் சொன்னார். நான் அதை 'வெயில்' என்று திருத்தி எடுத்துக்கொண்டேன்.

நான் பாயிடம் சொன்னது எனக்கு மறந்துபோகவில்லை. பயிற்சி என்பது ஓட்டுவது ஆகாது, சரிபார்ப்பது என்று எனக்குள்ளேயே ஒரு விளக்கம் எழுதி, நானே ஒப்புதல் கொடுத்தேன்.

ஆடி மாதம். அந்த ரோட்டின் இருபுறமும் உப்புப் பூத்த தரை, அங்கங்கே வேலிக்கருவை. வெயிலில் தார் தண்ணீர் மாதிரி மினுக்கும். ஒரு முனையில் மதகுக் கட்டையில் குடையோடு நான். மறு முனையில் சிவப்புத் துணியோடு மெக்கானிக். மச்சான் அங்கே போய்த் திரும்பி என்னிடம் வந்தால் ஒரு சுற்று. என் இடத்திலிருந்து இருநூறு அடி தள்ளி ஒரே ஒரு வீடு. போகும்போது அது வலப்பக்கம் வரும்; திரும்பும்போது இடப்பக்கம். காங்கிரீட் வீடு, துருப்பிடித்த இரும்புக் கேட், முன்னால் ஒரு கால்வாய். முதல் ஞாயிறு கேட் சாத்தியிருந்தது. ஆள் இருக்கிற அடையாளம் இல்லை. அன்றைக்கு மச்சான் போட்ட வேகத்தைப் பந்தயத்தில் போட்டிருந்தால் முன்னால் எவன் முதுகும் இருந்திருக்காது. நான் குடையை வீசிவிட்டுக் கைதட்டினேன். அந்த வெட்டவெளியில் என் கைதட்டலைக் கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது.

இரண்டாம் ஞாயிறு, முதல் சுற்று முடிந்து வண்டி மறுபடி கிளம்பிய பிறகு தற்செயலாக அந்த வீட்டைப் பார்த்தேன். கால்வாய் மேல் ஒரு பலகை கிடந்தது. வண்டியை வீட்டுக்குள் ஏற்றுவதற்குப் போடுவார்களே, அந்த மாதிரி அகலமான கனத்த பலகை. நாங்கள் வந்தபோது அது இல்லை. வண்டி எங்கோ தூரத்தில் திரும்பும் சத்தம் கேட்டது. கேட்டில் யாரும் இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு விநாடி கூடியது. ஒன்றரையும் இல்லை, இரண்டேகாலும் இல்லை.

"அந்த வூட்டாண்ட வந்து ஏன்டா அடங்கற?" என்று கேட்டேன். "திரும்பி வரும்போது சத்தம் எறங்குது. எனக்கே கேக்குது."

"நான் கையத் தளத்தவே இல்ல மாமா. வண்டி தானா அடங்குது. எடது பக்கமா இழுக்குது."

மெக்கானிக் இரண்டு சக்கரத்துக்கும் நூல் பிடித்துப் பார்த்தார். நூல் சொன்னது, வண்டி நேராக இருக்கிறது. கார்புரேட்டரைக் கழற்றி ஊதினார். பிளக் மாற்றினார். மூன்றாம் ஞாயிறு பலகையோடு கேட்டும் திறந்து கிடந்தது. உள்ளே சிமெண்டுத் தரை, கொடியில் ஒரு துண்டு, அவ்வளவுதான். அன்றைக்கு மச்சான் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் மதகுக் கட்டையில் வந்து உட்கார்ந்தான். பிறகு மெக்கானிக் காதில் விழாமல் என்னிடம் சொன்னான்.

"சிரிக்காதீங்க மாமா. அந்த வூட்டாண்ட வந்தா எனக்குப் பசிக்குது."

"மணி பன்னெண்டரை. பசிக்காம என்னா பண்ணும்?"

"சிதம்பரத்துல எட்டு இட்லி துன்னுட்டு வந்தேன். அந்தப் பசி இல்ல. சாப்பாடு எடுத்து வச்சிட்டாங்க, லேட்டாயிடுச்சு, போவணும்னு இருக்குது பாருங்க, அந்தப் பசி. வூட்டத் தாண்டுனா போயிடுது."

நான் சிரிக்கவில்லை. வெயிலில் உடம்பில் உப்புக் குறைந்தால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி, எலுமிச்சைச் சாறு வாங்கிக் கொடுத்தேன். இரண்டு விநாடியைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். பந்தயத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

நாலாம் ஞாயிறு, பந்தயத்துக்குச் சரியாக ஒரு வாரம் முன்னால், முதல் சுற்றில் திரும்பி வந்தவன் அந்த வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டான். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. நான் குடையோடு ஓடினேன். அன்றைக்குச் சத்தத்தைக் கேட்பதற்காக அந்த வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றிருந்த மெக்கானிக் எதிர்த் திசையிலிருந்து சிவப்புத் துணியோடு ஓடி வந்தார். கேட்டில் ஓர் அம்மா நின்றிருந்தார். என் வயதுதான் இருக்கும். கைத்தடியை ஊன்றியிருந்தார்.

"சண்டைக்கு வரலிங்க," என்றார் என்னைப் பார்த்து. "இது யாரு வண்டி?"

"எங்க சங்கத்து வண்டிம்மா."

"சைலன்சரு?"

மெக்கானிக் துணியை மடிக்க ஆரம்பித்தார்.

"எம் பையன் செஞ்சது அது. பரங்கிப்பேட்டையில வெல்டிங் கடையில பத்து நாளு ஒக்காந்து செஞ்சான். இந்த ரோட்டுல வேற எந்த வண்டிக்கும் இந்தச் சத்தம் கெடையாது. அன்னிக்கு ஞாயித்துக்கெழம. சிதம்பரத்துலேருந்து போன் பண்ணான். சாப்பாடு எடுத்து வையி, பத்து நிமிசத்துல வந்துடறேன்னான். பைபாஸ் வரைக்கும்தான் வந்தான்."

மச்சான் மெதுவாக ஹெல்மெட்டைக் கழற்றினான்.

ஏதாவது பேச வேண்டுமே என்று நான், "பலகைய எங்களுக்காகப் போட்டு வச்சீங்களா?" என்று கேட்டேன்.

"நானா?" என்றார் அந்த அம்மா. "அது பழைய கதவுங்க. அவன்தான் போடுவான், அவன்தான் எடுத்து வைப்பான். இடுப்புல ஆபரேஷன் பண்ணவ நான் அத எங்க தூக்கறது? ஞாயித்துக்கெழம வெளிய வந்து பாத்தா கெடக்குது. நீங்கதான் வண்டி திருப்பறதுக்குப் போட்டுக்கறீங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

மூன்று பேரும் அந்தப் பலகையைப் பார்த்தோம். இன்ஜின் அடித்தொண்டையில் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒன்னே ஒன்னு செய்யுங்க. வண்டிய உள்ள கொண்டாந்து நிறுத்துங்க. இங்கேருந்து கெளம்புனது, இன்னும் வந்து சேரல. அதான் இப்படி வாசல்ல வாசல்ல வந்துட்டுப் போவுது."

மெக்கானிக் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "வாணாம் சார். உள்ள போனா வெளிய வராது. அடுத்த ஞாயிறு ரேஸு." அவர் திருநீறு பூசுகிற ஆள்கூட இல்லை.

நாங்கள் பேசி முடிப்பதற்குள் பலகை 'தடக்' என்றது. மச்சான் வண்டியை ஏற்றிவிட்டான். கேட்டைத் தாண்டி, சுவரோரம் ஓரிடத்தில் தானாக வளைத்து நிறுத்தினான். அந்த இடத்தில் சிமெண்டுத் தரையில் பழைய ஆயில் கறை இருந்தது. சாவியைத் திருப்பினான். இன்ஜின் நிற்கவில்லை.

சாவியை வெளியே எடுத்தான். ஓடிக்கொண்டே இருந்தது. பெட்ரோல் குழாயை மூடினான். ஓடியது. சத்தம் குறையவும் இல்லை, கூடவும் இல்லை. மச்சான் இறங்கி இரண்டடி தள்ளி நின்றுகொண்டான். யாரும் தொடாத வண்டி, சாவி இல்லாத வண்டி, தன் இடத்தில் நின்று ஓடிக்கொண்டிருந்தது. மெக்கானிக் சைலன்சர் வாயை அடைக்கத் துணியைச் சுருட்டினார். ஆனால் கிட்டே போகவில்லை. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. கழுத்தில் ஸ்டாப் வாட்ச் தொங்கியது. அதை அழுத்த என் கைக்குத் தைரியம் வரவில்லை.

அந்த அம்மா கைத்தடியை ஊன்றிக்கொண்டு நடந்து வந்தார். டேங்க் மேல் கையை வைத்தார்.

"வந்துட்ட இல்ல. போதும்," என்றார்.

நின்றுவிட்டது.

இதற்கு விளக்கம் உண்டு. ரெண்டு ஸ்ட்ரோக் இன்ஜினில் கார்பன் படிந்து கனன்று கொண்டிருந்தால் பிளக் இல்லாமலே தீப்பிடிக்கும். சாவி எடுத்தாலும் ஓடும். கார்புரேட்டர் கிண்ணத்தில் மிச்சமிருக்கிற பெட்ரோல் தீர்ந்ததும் நிற்கும். மெக்கானிக்குக்கே இது நடந்திருக்கிறது. எல்லாம் சரி. அந்தக் கார்பனுக்குத் தமிழ் எப்படித் தெரியும் என்பதுதான் எனக்கு மிச்சமாக நிற்கும் கேள்வி.

"உடைச்சாச்சுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்," என்றார் அம்மா. குரலில் குற்றச்சாட்டு இல்லை. "பாய் வாக்குக் குடுத்தாரு. அவுரு பொய் சொல்றவுரு இல்ல."

"அவர் பேர்ல தப்பு இல்லம்மா. நான்தான் சொன்னேன். ரோட்டுலதான ஓடக் கூடாது, டிராக்ல ஓட்டலாம்னு…" அந்த முற்றத்தில் நின்றுகொண்டு என் வாதத்தை நானே கேட்டேன். நல்ல வாதம்தான். கடலூரில் எந்த ஆபீசிலும் செல்லும்.

அந்த அம்மா கேட்டுக்கு வெளியே பார்த்தார். "இது ரோடுதானுங்களே," என்றார்.

மெக்கானிக் என் காதில் வேகமாகப் பேசினார். "ஒரே வாரம் டைம் கேளுங்க சார். ரேஸு முடிஞ்சதும் நானே கொண்டாந்து இவுங்க கண்ணு முன்னாடி உடைக்கறேன். குடுப்பாங்க, நல்ல மாதிரி." அவர் சொன்னது உண்மை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். அவகாசம் கேட்பதில் எனக்குப் பயிற்சியும் உண்டு. நான் தொண்டையைச் செருமினேன்.

"ஸ்பேனர் பெட்டிய எடுத்தாண்ணா," என்றான் மச்சான்.

"தம்பி. கடைசி வருஷம்டா."

"தெரியும்."

"ஆறு வருஷமா எவன் முதுகையோ பாத்துக்கினு… இந்த வண்டியில நீ முன்னாடி போவடா. டைம் இருக்குது, சாரு எழுதி வச்சிருக்காரு. கேளு அவர."

மச்சான் என்னைப் பார்த்தான். அப்போது நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் கேட்டிருப்பான் என்று இன்றும் நினைக்கிறேன். என் சட்டைப் பையில் அந்த நேரங்கள் எழுதிய தாள் இருந்தது. நான் எதுவும் சொல்லவில்லை. அதை நல்ல எண்ணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு அந்த வண்டிக்குக் கேட்கும்படி பேசப் பயம்.

"எடுத்தாண்ணா," என்றான் மறுபடி.

பிரிக்க இரண்டு மணி நேரம் ஆனது. மச்சான் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான். கவுண்டரில் நிற்கிறவனின் வேகத்தில், ஒவ்வொரு போல்ட்டையும் துடைத்துத் துணியில் வரிசையாக வைத்தான். சைலன்சரைக் கையில் எடுத்துக்கொண்டு மட்டும் தயங்கினான்.

"இதையுமாம்மா?"

"அதத்தான் மொதல்ல," என்றார் அந்த அம்மா.

மெக்கானிக் அதைத் தரையில் வைத்துச் சம்மட்டியால் அடித்தார். வயிறு பருத்த தகடு மூன்று அடியில் தட்டையானது. இன்ஜின் கூட்டை உடைப்பதற்கு முன் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வாழ்நாளில் எத்தனையோ இன்ஜினுக்கு உயிர் கொடுத்தவர். உடைப்பதற்குக் கை ஓங்கியது அன்றைக்குத்தான். ஒவ்வொரு அடிக்கும் அந்த அம்மா தலையை லேசாக ஆட்டிக்கொண்டார், கணக்குச் சரியாக இருக்கிறது என்பது போல.

பிறகு சாப்பிடச் சொன்னார். சோறு, கருவாட்டுக் குழம்பு. நானும் மெக்கானிக்கும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தோம். மச்சான் மூன்று தடவை சோறு கேட்டு வாங்கினான். அந்த அம்மா எங்கள் இருவரையும் பார்க்கவே இல்லை. அவன் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடும்போது அவன் இடது கையைத் தரையில் ஊன்றி, கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஆறு வருஷமாக அவனோடு எத்தனையோ ஓட்டலில் சாப்பிட்டிருக்கிறேன். அவன் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

நுழைவுக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டு ஒரு கடிதம் எழுதினேன். செலுத்திய கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது என்று விதி எண்ணோடு பதில் வந்தது. பொடி எழுத்து. நான் அதை முன்பே படித்திருக்க வேண்டும்.

பந்தயம் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு. அன்றைக்கு ஒன்றரை மணிக்கு மச்சான் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தான். என்ன விஷயம் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. கூடத்தில் கைவைத்த மர நாற்காலியில் உட்கார்ந்தான். எதிரே நான் உட்கார்ந்தேன். மின்விசிறி ஓடியது. இரண்டு மணி ஆனது. எட்டுச் சுற்று, அந்தப் பிரிவுக்கு ஏறக்குறைய பதினெட்டு நிமிஷம்.

அவன் கண்ணை மூடியிருந்தான். கொஞ்ச நேரத்தில் அவன் உடம்பு லேசாக வலப்பக்கம் சாய்ந்தது. நிமிர்ந்தது. இடப்பக்கம் சாய்ந்தது. அந்தத் தடத்தின் வளைவுகள் எனக்கு மனப்பாடம். இரண்டு வலம், ஒரு இடம், நீண்ட நேர்கோடு, மறுபடி இடம். அவன் ஒன்றையும் விடவில்லை. நேர்கோடு வரும்போதெல்லாம் தாடையை நாற்காலிக் கை வரைக்கும் இறக்கினான். வலது மணிக்கட்டு மெல்ல முறுக்கியது. நான் மனதுக்குள் சுற்றுகளை எண்ணினேன். மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னாடா, ரெண்டு பேரும் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற மாதிரி ஒக்காந்திருக்கீங்க?" என்றாள். அடுப்பைப் பார்க்க உள்ளே போய்விட்டாள்.

ஏழாவது சுற்றின் கடைசி இடது வளைவில் அவன் சாய்ந்தான். நிமிரவில்லை.

அப்படியே நாற்காலிக் கைமேல் தோள் படியக் கிடந்தான். மூச்சு இருக்கிறதா என்று நான் பார்த்தேன். அசட்டுத்தனம்தான்; ஆனாலும் பார்த்தேன். மின்விசிறிக் காற்றில் அவன் நெற்றி முடி மட்டும் ஆடியது. எழுந்து அவன் தோளைத் தொடலாம் என்று நான் கையை நீட்டியபோது கண்ணைத் திறந்தான். நிமிர்ந்து உட்கார்ந்தான். இரண்டு உள்ளங்கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

"முன்னாடி எவனாவது இருந்தானா?" என்று கேட்டேன். செயலாளர் கேட்க வேண்டிய கேள்வி.

"ஏழு லேப்பும் ஒருத்தன்கூட இல்ல மாமா. டிராக் பூரா காலியா கெடந்துச்சு. அவ்ளோ அழகா இருக்குது மாமா அது."

"எட்டாவது?"

"எட்டாவது லேப் இல்ல. வண்டி எடது பக்கம் வூட்டாண்ட திரும்பிடுச்சு," என்றான்.

சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தான். நாளைக்குக் கடையில் சரக்கு எடுப்பு, ஏழு மணிக்கே போக வேண்டும் என்றான். வாசலில் செருப்பை மாட்ட அவனுக்கு வழக்கம் போல வெகுநேரம் ஆனது. நான் அவசரப்படுத்தவில்லை.